தின்னர் துணியும் இரண்டு பாட்டில்களும்

கவலைப்படுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கே கவலைதான் காரணம். எட்டாம் வகுப்பு வாத்தியார் பையன்களைக் கூப்பிட்டுப் பலகையில் கணக்குப் போடச் சொல்வார் என்று யாரோ சொன்னார்கள். அந்த மே மாதம் முழுக்கக் கவலைப்பட்டுவிட்டு, ஜூன் மாதம் பெயின்ட் வேலைக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் அதே வேலைதான். ஏணியில் ஏறுமுன் மூன்று முறை ஆட்டிப் பார்ப்பேன். ஏறிய பிறகு, கீழே யாராவது இருந்தால் அவர்களையும் ஒரு முறை ஆட்டிப் பார்க்கச் சொல்வேன். கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருவேன். மூடித்தான் இருக்கும். தொட்டுப் பார்த்ததில் திறந்திருக்குமோ என்று மறுபடியும் வருவேன்.

என் மனைவி அப்படியே நேர் எதிர். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறாள். விடிந்ததும் வேன் வரும், ஏறிப் போய்விடுவாள். அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. ஒரு மழைக்கு உள்ளே தண்ணீர் வந்தபோது நான் பீரோ மேல் உட்கார்ந்து சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று டீ போட்டு என்னிடம் நீட்டினாள். தண்ணீர் வடிந்தது. ஆனால் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியது ஏறியதுதான். ஊரார் சுவரையெல்லாம் பளபளவென்று ஆக்கும் என் வீட்டுச் சுவர் இடுப்பு உயரத்துக்குப் பூத்துப்போய்க் கிடக்கும்.

அந்தச் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கிளாஸ கீழ வெச்சுட்டு கேளு."

எனக்கு எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைக்கச் சொல்வாள். கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் ஆறு கண்ணாடி டம்ளர் உடைந்ததில் கற்றுக்கொண்டது.

வைத்தேன்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி நின்னு போனது, இப்ப திரும்ப வந்துகினு கீது. ரெண்டு மாசமா. அப்பப்ப."

"இன்னாது?"

"தண்ணி லாரி." என்னையே பார்த்தாள். "யோவ், பொம்பளைங்களுக்கு மாசா மாசம் வர்றது இன்னாயா? நின்ன அப்புறம் திரும்ப வந்தா டாக்டராண்ட காட்டணும்னு கேன்டீன்ல ஒரு அக்கா சொல்லிச்சு."

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இப்டி ஆவன்னுதான்."

நான் எப்படி ஆகியிருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கிளாஸ் ஏற்கெனவே கீழே இருந்தும் எப்படியோ டீ கொட்டியிருந்தது.

மறுநாளே கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் டாக்டர், நடுவயது, நிதானமாகப் பேசுபவர். பரிசோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார். சீட்டின் பின்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய் மாதிரி ஒன்றை வரைந்தார்.

"இது கர்ப்பப்பை. கீழ குறுகலா இருக்கே, இதுதான் கர்ப்பப்பை வாய். இங்க ஒரு புண் இருக்கு. பார்த்தா எனக்குத் திருப்தியா இல்ல."

"கேன்சரா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள். சப்பாத்திக்கு உப்பு சரியா என்று கேட்கிற அதே குரல்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும். அப்படி இருந்துட்டா, அது பொதுவா பக்கத்துலயும் கீழயும்தான் பரவும். சில பேருக்கு மட்டும் இந்த வாய்லேர்ந்து உள்பக்கமாவே மேல ஏறும். ஏறி, கர்ப்பப்பையோட உள்சுவர்ல மெல்லிசா படரும். அடிக்கடி நடக்கறதில்ல. ஆனா படர்ந்திருந்தா சில சமயம் ஸ்கேன்லகூடத் தெரியாது. அதனால உள்சுவரையும் கொஞ்சம் சுரண்டி எடுத்து, அதைத் தனியா அனுப்புவோம்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. படித்தவர்கள் சொல்வது எனக்கு இவ்வளவு வேகமாகப் புரிந்ததே இல்லை. தரையோரம் ஈரம் பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பூச்சுக்குள்ளேயே மெதுவாக மேலே ஏறும். எது வரை ஏறியிருக்கிறது என்று சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"ஓதம்!" என்றேன்.

"என்னது?"

"ஓதம் மேடம். செவுத்துல ஏறுமே. இது எத்தன அடி ஏறும் மேடம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கர்ப்பப்பையே மொத்தம் என் விரல் நீளம்தாங்க."

"நாங்க ரெண்டு அடி ஏறியிருந்தா மூணு அடி வரைக்கும் கொத்திட்டுதான் பூசுவோம்."

"நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான். நோய் இருக்கற இடத்தோட நிறுத்த மாட்டோம், சுத்தி கொஞ்சம் சேர்த்துதான் எடுப்போம். ஆனா மேல ஏறியிருந்தா வைத்தியத்தோட திட்டமே மாறலாம். அதுக்குத்தான் முதல்ல பாக்கறது."

வெளியே வந்ததும் என் மனைவி சொன்னாள்: "நல்லவேள, டாக்டரம்மா வூட்டு செவுத்த தட்டிப் பாக்காம வந்தியே."

அவள் கிண்டல் செய்தாலும் எனக்கு அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்விதான். ஏறியிருக்கிறதா, ஏறவில்லையா? கூடத்துச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்வி. ஒரு நாள் பென்சிலால் ஓதத்தின் விளிம்பில் கோடு போட்டுவைத்தேன். அது ஏறாமல் இருந்தால் இதுவும் ஏறாது என்று ஒரு கணக்கு. அவள் பார்த்துவிட்டு ஈரத் துணியால் கோட்டைத் துடைத்துவிட்டாள். ஈரத் துணியால் துடைத்ததில் ஓதம் இன்னும் ஏறுமே என்று அதற்கும் ஒரு கவலை.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு மயக்கம் கொடுத்து இரண்டு இடத்திலிருந்தும் எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இந்த டெஸ்ட் கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேபுக்கு நோயாளியோடு வந்தவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நர்ஸ் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்களை என் கையில் வைத்தார். மருந்துத் தண்ணீரில் ஏதோ துணுக்குகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் பெயரும் நம்பரும் எழுதியிருந்தது.

"ஒண்ணு, கர்ப்பப்பை வாய். ரெண்டு, மேல உள்சுவர். மாத்திடாதீங்க அண்ணா."

மாத்திடாதீங்க என்ற வார்த்தையை அவர் சொல்லியிருக்கவே கூடாது. கேட்ட நொடியில் இரண்டையும் இரண்டு கையிலும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

மாறாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மேலே உள்ளது மேலே, கீழே உள்ளது கீழே. உள்சுவர் பாட்டிலைச் சட்டைப் பையில் வைத்தேன், வாய் பாட்டிலைப் பேன்ட் பையில். இரண்டு நம்பரும் மறந்தாலும் உடம்பே சொல்லிவிடும். இதை நினைத்து ஸ்டேஷன் மேம்பாலம் வரைக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேம்பாலத்தில் நாலு ரயில் கூட்டம் ஒரே படியில் ஏறியது. பேன்ட் பையில் இருக்கும் பாட்டில் நசுங்கிவிடுமோ என்று பயம். சட்டைப் பை பாட்டில் குனிந்தால் விழுந்துவிடுமோ என்று பயம். இரண்டையும் எடுத்துத் தோளில் இருந்த வேலைப் பைக்குள் போட்டேன். மதியத்துக்கு மேல் பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டில் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போக வேண்டியிருந்ததால் பையைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பிரஷ், உப்புத் தாள், பெயின்ட் படாமலிருக்க ஓரத்தில் ஒட்டும் மாஸ்க்கிங் டேப் எல்லாம் அதில்தான் இருந்தன.

மேற்குப் பக்கம் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டின் மேலும் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. பிரஷ் சரியாகக் கழுவாமல் இருந்திருக்கிறது. இப்படி அழுக்காகக் கொண்டுபோனால் லேபில் வாங்குவார்களா? வாங்காவிட்டால் மறுபடியும் அவளுக்கு மயக்கம் கொடுத்து எடுப்பார்களா? கவலை வந்தால் என் கை தானாக வேலை செய்யும். பையிலிருந்து துணியை எடுத்து இரண்டு பாட்டிலையும் நன்றாக, மூலை முடுக்கு விடாமல், துடைத்தேன்.

அது தின்னர் துணி.

பெயின்ட் போயிற்று. பெயர் போயிற்று. ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்த மாதிரி இரண்டு பாட்டிலும் பளிச்சென்று இருந்தன. நாற்பது வருட வேலையில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் துடைத்ததில்லை.

"இன்னா சார், டீ சொல்லட்டா?" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பாட்டில்களைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஆட்டிப் பார்த்தேன். எந்தத் துணுக்கு மேல், எந்தத் துணுக்கு கீழ்? ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் டீயை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அப்போது திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. மாஸ்க்கிங் டேப்பைக் கிழித்து இரண்டிலும் ஒட்டி, டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, அவள் பெயரை எழுதி, குத்துமதிப்பாக ஒன்று, இரண்டு என்றும் போட்டேன். கொஞ்சம் கனமாகத் தெரிந்தது ஒன்று. எப்படிக் கனமாகத் தெரிந்தது என்று என் கையைத்தான் கேட்க வேண்டும். லேபில் கவுன்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், வாங்கி வைத்துக்கொண்டார். நான்கு நாளில் ரிப்போர்ட் என்றார்.

அந்த நாலு நாளில் இரண்டைத்தான் என்னால் தாண்ட முடிந்தது. ஒன்று என்று நான் ஒட்டியது இரண்டாக இருந்தால்? வாயில் இருக்கும் நோயை உள்சுவரில் இருப்பதாக எழுதுவார்கள். ஏறாதது ஏறியதாகிவிடும். இல்லாத நோய்க்கு வைத்தியம் நடக்கும், இருக்கும் நோய் சும்மா கிடக்கும். பீர்க்கன்கரணை வீட்டு கேட்டில் ஒரு கதவுக்கு மட்டும் இரண்டு கோட் அடித்துவிட்டு, இன்னொன்றை மறந்து வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் போன் செய்து, "என்னங்க, புது டிசைனா?" என்றார்.

சனிக்கிழமை சாயந்திரம் அவள் கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"கத்திய கீழ வெச்சுட்டு கேளு" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பை, பேன்ட் பை, மேம்பாலம், நீலப் பெயின்ட், துணி. அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. முந்தானையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"தொடச்சியா? நல்லா தொடச்சியா?"

"நல்லாத்தான்."

"எவர்சில்வர் குண்டான்ல பேர் வெட்டுவாங்கல்ல, அந்த மாதிரி பாட்டில்ல பேர் வெட்டிக் குடுத்திருக்கணும் உனக்கு. என் ஒடம்புலேர்ந்து பிச்சு எட்த்தது. அத கொண்டு போயி தின்னர் போட்டு தொடச்சுகினு வந்திருக்க."

சிரித்து முடித்தபின் உரித்த பூண்டை விரலால் உருட்டினாள்.

"திரும்ப எடுப்பாங்களா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் மட்டும் குரல் வேறு மாதிரி இருந்தது. அதுவரை அவள் பயப்படுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கேட்காதபடி பயப்பட்டிருக்கிறாள். இந்த வீட்டில் சத்தமாகப் பயப்படுகிற வேலையை நான் மொத்தமாக எடுத்துக்கொண்டதில் அவளுக்கு இடமே இல்லாமல் போயிருக்கிறது.

"தெரில" என்றேன்.

"திங்கக்கெழம லீவு போடறேன். ரெண்டு பேரும் போயி அந்த லேப்காரன்ட உண்மைய சொல்லுவோம். நீ பேசாத. நான் பேசறேன்."

திங்கட்கிழமை லேபில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றோம். தடிக் கண்ணாடி போட்ட ஆண் டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். பேசாதே என்று சொல்லியிருந்தாலும் நான் முந்திக்கொண்டேன். கவலை இருப்பவனுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது.

"சார், அந்த ரெண்டு பாட்டில். நம்பர் நான் போட்டது. ஒரிஜினல் நம்பர் இல்ல. அது போயிடுச்சி."

"எப்படிப் போச்சு?"

"இவரு தொடச்சுட்டாரு சார்" என்றாள் என் மனைவி. "பெயின்டரு. தின்னர் துணியால."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு துடைப்பதை நிறுத்தினார்.

"மாஸ்க்கிங் டேப்பைப் பார்த்ததுமே கேக்கணும்னு நினைச்சேன். சரி, ரெண்டு பாட்டிலும் இவங்களோடதுதானே? வேற யாரோடதும் உங்க பையில இல்லயே?"

"இல்ல சார். பிரஷ்தான் இருந்துச்சி."

"மூடியத் திறந்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப உட்காருங்க. உங்களுக்கு ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பெயின்ட் டப்பா, ரெண்டுலயும் பேர் இல்ல. ஒண்ணு எமல்ஷன், இன்னொண்ணு எனாமல். எது எதுன்னு உங்களால சொல்ல முடியாதா?"

எனக்கு ரோஷமாகிவிட்டது. "மோந்து பாத்தாலே சொல்லிடுவேன் சார்."

"நான் மைக்ராஸ்கோப்ல பாத்தா சொல்லிடுவேன். கர்ப்பப்பை வாய்த் தோல் ஒரு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். உள்சுவர் வேற மாதிரி, குட்டிக் குட்டிக் குழாயா இருக்கும். அதோட வாய்லேர்ந்து நோய் மேல ஏறியிருந்தா, அந்தக் குழாய்களுக்கு நடுவுல, இல்லன்னா அது மேல, அங்க இருக்கக் கூடாத செல்லு உட்கார்ந்திருக்கும். அதைத்தான் தேடறோம். ஆனாலும் இப்படி எழுத்து அழிஞ்சா உடனே வந்து சொல்லணும். வேற ஒருத்தரோடது கலந்திருந்தா ரொம்பப் பெரிய தப்பாயிருக்கும். எழுத்து அழிஞ்சதுன்னு ரிப்போர்ட்ல எழுதறேன், உங்க டாக்டர்கிட்டயும் பேசிடறேன்."

"சார்" என்றாள் என் மனைவி. "ஏறியிருக்கா?"

அவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். என் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி, பிரித்து, சுற்றி.

"வாய்ல இருக்கறது கேன்சர்தாம்மா. ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. மேலேருந்து சுரண்டினதுல எதுவும் இல்ல, சுத்தமா இருக்கு. மத்ததெல்லாம் உங்க டாக்டர் விளக்கமா சொல்வாங்க."

கேன்சர் என்ற வார்த்தையைக் கேட்டு நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சுத்தம் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். விரலிலிருந்து தலைப்பை விட்டாள்.

"அப்புறம் பெயின்டர் சார்" என்றார் டாக்டர். "நீங்க ஒண்ணுன்னு போட்டிருந்தது ரெண்டு. ரெண்டுன்னு போட்டிருந்தது ஒண்ணு."

"ரெண்டே பாட்டிலு" என்றாள் என் மனைவி மேம்பாலத்தில் ஏறும்போது. "கண்ண மூடிகினு போட்டாலும் பாதி சான்ஸு. அதுலயும் தப்பா போட்டிருக்க பாரு." அவள் கண்ணில் கொஞ்சம் கண்ணீரும் இருந்தது. ரயில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிற மாதிரி துடைத்துக்கொண்டாள்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று பெண் டாக்டர் சொன்னார். எடுத்தபின் அதை முழுதாக லேபுக்கு அனுப்பி, உள்சுவர் மொத்தத்தையும் பார்ப்பார்களாம். சுரண்டியது ஒரு ஓரம்தானே, முழுச் சுவரையும் பார்த்தால்தான் ஏறவில்லை என்று அடித்துச் சொல்ல முடியும். இதுவும் எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததால் கவலை இன்னும் கூடியது.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே அவள் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், உள்ள எடுக்கறத எந்த டப்பால வேணா போடுங்க. இவரு கைல மட்டும் குடுத்துடாதீங்க."

"ஏங்கா?"

"தொடச்சிடுவாரு."

அந்தக் கதை ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்திருந்தது போல. ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர் வரைக்கும் சிரித்தார். சிரிப்போடுதான் அவள் உள்ளே போனாள். கதவு மூடிய பிறகு வெளியே சிரிக்க யாரும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆயா மூடி போட்ட பெரிய டப்பாவோடு வெளியே வந்தார். சுற்றி அச்சடித்த சீட்டு, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி டேப். நல்ல வேலை, நானே மெச்சினேன். நான் அதைத் தொடவில்லை. பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனேன். ஸ்டேஷன் வாசலில் ஆயா திரும்பினார்.

"இன்னாய்யா, பின்னாலயே வந்துகினு கீற?"

"என் வூட்டுக்காரம்மாவுது."

"வூட்டுக்காரம்மா அங்க படுத்துகினு கீறாங்க. நீ இது கூட நடந்து வர்றியா? கண்ண தொறந்தா யார தேடும் அது? போய்யா!"

ஓடினேன். அவள் அப்போதுதான் லேசாகக் கண் திறந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"டப்பா?"

"ஆயா எட்த்துகினு போச்சு."

"நீ தொட்டியா?"

"இல்ல."

மறுபடி தூங்கிவிட்டாள்.

பத்து நாள் கழித்து அந்தக் கடைசி ரிப்போர்ட்டை வாங்கப் போனோம். தடிக் கண்ணாடி டாக்டரே வெளியே வந்து சொன்னார்: வாயோடு நின்றிருக்கிறது, உள்சுவரில் எங்கேயும் இல்லை, ஏறவில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டினால் போதும் என்று பெண் டாக்டரும் பிறகு சொன்னார்.

லேப் வாசலில் வெயிலில் நின்று அந்தத் தாளை அவள் ஒரு முறை பார்த்தாள். இங்கிலீஷ். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. மடித்துக் கவரில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. நீ புடி."

"நானா?"

"நீதான். புடி."

வேலைப் பையைத் தோளிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, கவரை இரண்டு கையாலும் வாங்கினேன். மேம்பாலம் முழுக்க முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஆட்களெல்லாம் விலகி வழி விட்டார்கள். பாதிப் பாலத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, இது மிஷின்ல அடிச்ச எழுத்துதான? தின்னர் பட்டாலும் போவாதுல்ல?"

"யோவ்" என்றாள், என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு. "பேசாம நட."